ஒரு மல்லாட்டையை உடைப்பதற்கு முன்

மல்லாட்டையைக் கையில் எடுத்ததும் உடைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். காம்பிலிருந்து நுனி வரைக்கும் நீளவாக்கில் மேடான வரிகள் ஓடுகின்றன. ஒரு வரியையும் அடுத்த வரியையும் குறுக்கு இழைகள் இணைக்கின்றன. எந்த இரண்டு இழைக்கும் இடைவெளி ஒன்றாக இல்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. இழைகளுக்கு நடுவே உள்ள குழிகளில் வயலின் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நடுவில் இடை ஒடுங்கியிருக்கிறது. அந்த ஒடுக்கத்துக்கு இந்தப்புறம் ஒரு பருப்பு, அந்தப்புறம் ஒரு பருப்பு. ஒரு முனையில் செடியிலிருந்து அறுந்த தழும்பு; மறுமுனையில் லேசாக வளைந்த மூக்கு.

இந்த வலை அழகுக்காக வரைந்தது அல்ல. ஓடு பச்சையாக இருந்தபோது சாறு ஓடிய நரம்புகள்தான் இந்த வரிகள். காய் முற்றி, ஓட்டின் சதை வற்றி உள்வாங்கியபோது நரம்புகள் மட்டும் மேடாக நின்றுவிட்டன. விழுப்புரம் பேருந்து நிலையத்திலோ திண்டிவனம் கூட்டத்திலோ ஒரு பொட்டலம் வாங்கி, பேச்சு வாக்கில் நசுக்கித் தின்று, ஓட்டைக் காலடியில் போட்டுவிட்டுப் போகிறோம். அந்த ஓட்டில் ஒரு செடியின் நூறு நாள் உழைப்பும், ஒரு கண்டத்தின் பழங்கதையும், நம் வட்டாரத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறும் இருக்கின்றன. கவிதைக்கு நயம் பாராட்டுகிறோம். இந்தக் கொட்டைக்கும் பாராட்டலாம். பாராட்ட வேண்டிய இடங்கள் இதில் நிறையவே இருக்கின்றன.

முதலில் பூ. விதைத்து இருபத்தைந்து, முப்பது நாளில் செடியில் மஞ்சள் பூ தெரியத் தொடங்கும். அவரைக் குடும்பத்துப் பூ என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். விரிந்து நிற்கும் பெரிய இதழின் நடுவில் செம்பழுப்பாகக் கோடுகள் ஓடும். இளங்காலையில் விரியும், வெயில் ஏறுவதற்குள் துவளத் தொடங்கிவிடும். விரிகிற நேரத்திலேயே, மூடிய அடி இதழ்களுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. தேனீயையோ வண்டையோ அது பெரும்பாலும் நம்பியிருப்பதில்லை. பூவுக்கு நீளமான காம்பு இருப்பதுபோலத் தெரியும். அது காம்பு அல்ல, குழல். சூலகம் அந்தக் குழலின் அடியில், இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

பூ வாடியபின் நடப்பதுதான் இந்தச் செடியின் தனிச்சிறப்பு. மற்றப் பயறு வகைகளில் பூ இருந்த இடத்தில் காய் தொங்கும். இங்கே சூலகத்தின் அடியிலிருந்து ஒரு தண்டு நீண்டு தரையை நோக்கி வளர்கிறது. நம் ஊரில் இதை விழுது என்பார்கள். ‘விழுது இறங்கிடுச்சா?’ என்பது மல்லாட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி. விழுதின் நுனி தையல் ஊசி மாதிரிக் கூர்மையாக, ஊதா கலந்த பச்சையாக இருக்கும். நாளைய பருப்பு அந்த நுனியில்தான் இருக்கிறது. செடி தன் கருவை நுனியில் வைத்துக்கொண்டு மண்ணைக் குத்தி இறங்குகிறது. சில அங்குலம் இறங்கியதும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு பருக்கத் தொடங்குகிறது. செடியின் மேல்மட்டத்தில் பூத்த பூக்களின் விழுதுகள் பல தரையை எட்டாமலே காய்ந்துபோகும். வெளிச்சத்தில் நிற்கும் விழுது எத்தனை நாள் ஆனாலும் காயாகாது. இருட்டு இருந்தால்தான் அது பருக்கும்.

வேர்க்கடலை என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் வேருக்கும் காய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. பூவில் பிறந்து மண்ணுக்குள் போன காய் இது. மண்ணுக்குள் போனபின் அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. சுண்ணாம்புச் சத்து விஷயத்தில் இதைப் பார்க்கலாம். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்டுக்கும் இலைக்கும் ஏறுமே தவிர, அங்கிருந்து திரும்பிக் கீழே காய்க்கு இறங்குவது இல்லை. ஆகவே இளங்காய் தன் ஓட்டின் வழியாகச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக அதை உறிஞ்சிக்கொள்கிறது. செடி பச்சைப்பசேல் என்று இருக்கும். கீழே காயைச் சுற்றியுள்ள மண்ணில் சுண்ணாம்பு குறைந்தால் உள்ளே பருப்பு பிடிக்காது. ஓடு மட்டும் வளர்ந்து பொக்காகிவிடும்.

விதைத்து 40 முதல் 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வதன் காரணம் இதுதான். ஏக்கருக்கு 160 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. உரத்தை வேருக்குப் போடுவதுதான் வழக்கம். மல்லாட்டையில் மட்டும் காய் பிடிக்கப்போகிற இடத்தில், செடியின் அடித்தூரைச் சுற்றித் தூவி மண்ணை அணைத்துவிடுகிறோம். அதே வேலையில் விழுதுகளுக்கு மெத்தென்ற மண்ணும் கிடைத்துவிடுகிறது. அதன்பிறகு அந்தக் காட்டில் களைக்கொத்து இறங்கக் கூடாது. இறங்கினால் விழுது அறுந்துபோகும். ஒரு செடியின் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு மனிதக் கை இவ்வளவு நுட்பமாகத் தன்னை மாற்றிக்கொண்ட பயிர் வேறு எத்தனை இருக்கிறது?

செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் கடுகளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய உறவுள்ள ஒன்றுதான் அந்த முடிச்சையும் சிவக்க வைக்கிறது. மேலே இலையும் சும்மா இல்லை. ஒரு காம்புக்கு நான்கு சிற்றிலை, இரண்டிரண்டாக. பொழுது சாய்ந்ததும் அவை ஜோடியாக மடிந்துகொள்ளும். மாலை ஆறரைக்கு மயிலம் பக்கம் ஒரு மல்லாட்டைக் காட்டைக் கடந்து போனால், காலையில் பார்த்த காடு அது அல்ல என்று தோன்றும். தழைத்துக் கிடந்த பச்சை ஒடுங்கி, செடிகளுக்கு நடுவே மண் தெரியும்.

இந்தச் செடி இங்கே பிறந்தது இல்லை. தென்னமெரிக்காவில் பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்கும் சேர்கிற இடத்தில் பிறந்தது. இரண்டு காட்டு இனங்கள் கலந்து உண்டானது என்று தாவரவியலாளர் நெடுநாளாகவே எண்ணியிருந்தார்கள். அந்த இரண்டு இனங்களின் மரபுத்தொகுதி 2016இல் படித்து வெளியிடப்பட்டபோது ஒரு வியப்பு காத்திருந்தது. பொலிவியாவில் ஒரே ஓர் இடத்தில் கிடைத்த காட்டுச் செடியின் மரபு, நாம் தின்னும் கடலையின் ஒரு பாதியோடு கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. மற்றப் பாதியைத் தந்த இனம் வளர்வது அந்தப் பக்கத்தில்தான். ஆனால் இந்தச் செடியின் சொந்த நிலம் அதற்கு வடக்கே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இரண்டும் எப்படிச் சந்தித்தன?

காற்றில் பறக்கும் விதை அல்ல இது. பறவை கொத்திப் போகும் பழமும் அல்ல. தன் விதையைத் தன் காலடியிலேயே புதைக்கிற செடி, தானாகப் பரவினால் வருஷத்துக்குச் சில அடிதான் நகரும். ஆகவே மனிதர்கள்தான் ஓர் இனத்தைக் கையில் கொண்டுபோய் மற்றதன் பக்கத்தில் விதைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஒரு பிடி கொட்டையை நல்லது என்று பார்த்து எடுத்துப் போயிருக்கிறார். மல்லாட்டையின் வரலாறே அந்தக் கையிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கண்டத்து மக்கள் இதை எவ்வளவு உற்றுப் பார்த்தார்கள் என்பதற்குப் பொன்னில் சாட்சி இருக்கிறது. பெரு நாட்டின் வடகரையில் சிபான் என்ற இடத்தில், மோச்சே நாகரிகத்துத் தலைவர் ஒருவரின் கல்லறையை 1987இல் வால்டர் ஆல்வா தலைமையிலான தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். சுமார் ஆயிரத்து எழுநூறு ஆண்டுப் பழமை. அந்தத் தலைவரின் மார்பில் ஒரு மாலை இருந்தது. மணிகள் எல்லாம் நிலக்கடலைகள்: வலப்பக்கம் பொன்னில் பத்து, இடப்பக்கம் வெள்ளியில் பத்து. ஒடுங்கிய இடையும் ஓட்டின் மேடுபள்ளமும் உலோகத்தில் அப்படியே வந்திருக்கின்றன. உண்மையான கடலையைவிடப் பல மடங்கு பெரிதாகச் செய்திருக்கிறார்கள். கையில் வைத்துக் கூர்ந்து பார்த்தவனுக்கு ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவு பெரிது.

ஸ்பானியரும் போர்த்துகீசியரும் கடல் தாண்டியபின் இந்தக் கொட்டை உலகம் முழுக்கப் போனது. ஒரு வழி ஆப்பிரிக்காவுக்கு. இன்னொரு வழி மேற்கே பசிபிக் கடலைக் கடந்து பிலிப்பைன்ஸுக்கு. மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 தொடங்கி 1815 வரை கப்பல் ஓடியது. அந்த மணிலாவின் பெயரைத்தான் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தார் கொட்டைக்கு வைத்தார்கள். மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டை ஆயிற்று, மல்லாட்டை ஆயிற்று. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, அவலூர்பேட்டை மார்க்கெட் கமிட்டிகளில் இன்றைக்கும் ‘மணிலா’ என்றுதான் விலை சொல்கிறார்கள்.

இங்கே வந்து அது ஊன்றிக்கொண்டதற்கு மண் ஒரு காரணம். விழுதுக்குத் தேவை இளக்கமான மேல்மண். இறங்கும்போது வழிவிட வேண்டும். பறிக்கும்போது காயைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடவும் வேண்டும். விக்கிரவாண்டியிலிருந்து செஞ்சி வரைக்கும், மயிலத்திலிருந்து வானூர் வரைக்கும் பரந்திருக்கும் செம்மண்ணும் மணல் கலந்த செம்பொறையும் அப்படிப்பட்டவை. இந்தக் குணத்தின் அருமை அது இல்லாத இடத்தில் புரியும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எண்ணெய்ப் பஞ்சத்தைத் தீர்க்க, பிரிட்டிஷ் அரசு 1947இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில் மாபெரும் நிலக்கடலைத் திட்டத்தைத் தொடங்கியது. போரில் ஓடிய டாங்கிகளைக்கூடக் காடழிக்கும் டிராக்டராக மாற்றிப் பார்த்தார்கள். அங்கே இருந்த களிமண் கோடையில் சுட்ட செங்கல்லாக இறுகியது. மழை குறைந்தது. 1951இல் திட்டத்தைக் கைவிட்டபோது போன பணம் 3 கோடியே 60 லட்சம் பவுண்ட். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்க்கிற நம் ஊர்ப் பெரியவரின் விரலுக்கு, அந்தப் பணத்தின் மதிப்பு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தென்னாற்காட்டில் மணிலாப் பயிர் சில ஆயிரம் ஏக்கர்தான். அதைப் பெருக்கியது ஒரு பிரெஞ்சு நகரத்தின் சோப்பு. மத்தியதரைக் கடலோரத்து மார்செய் நகரம் சோப்புக்குப் பேர்போனது. ஆலிவ் எண்ணெய் போதாமல் அங்கே கடலை எண்ணெய் தேடினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து மூட்டைகள் போயின. நம் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரியிலிருந்தும் போயின. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் பாதை போட்டார்கள். இன்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரியும் விழுப்புரம் சந்திப்பில் முதலில் கிளைத்த பாதைகளில் அது ஒன்று. அந்தப் பாதையில் கடலை நோக்கிப் போன சரக்கில் மல்லாட்டைக்குப் பெரிய இடம் இருந்தது. புதுச்சேரியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தள்ளி நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில்தான் மூட்டை போகும். செஞ்சிப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்தது, அலையில் ஆடி, கடல் கடந்து, பிரெஞ்சுக் குடும்பங்களின் துணி துவைக்கும் சோப்பானது.

அந்தக் காலத்தில் நம் சரக்குக்கு ஒரு குறை சொல்வார்கள். ஓட்டைத் தண்ணீரில் நனைத்துத் தடியால் அடித்து உடைக்கும் வழக்கம் இருந்தது. வேலை சுலபம், ஆனால் நனைந்த பருப்பு கப்பலின் புழுக்கத்தில் கசந்துபோகும். அப்படிப்பட்டது சமையல் எண்ணெய்க்கு ஆகாமல் சோப்புக்கே போயிற்று. ஓடு காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்ற ஒரு சின்ன வித்தியாசம் ஒரு மாவட்டத்துச் சரக்கின் விலையைத் தீர்மானித்தது.

1890களில் இன்னொரு அடி விழுந்தது. இலைப்புள்ளி நோயும், பழைய விதை சோர்ந்துபோனதும் சேர்ந்து விளைச்சல் சரிந்தது. பரப்பு வெகுவாகச் சுருங்கியது. விவசாயிகள் பயிரையே விட்டுவிடுவார்கள் என்ற நிலையில், மொரீசியஸ் என்ற பெயரோடு வெளியிலிருந்து வந்த விதை தெம்பாக நின்றது. சில ஆண்டுகளில் காடெல்லாம் அதுவே ஆயிற்று. ஒரு பயிரின் தலையெழுத்து விதையில் இருக்கிறது என்ற பாடத்தைத் தென்னாற்காடு அப்போதே கற்றுக்கொண்டது. 1905இல் கடலூர்ப் பக்கம் பாலூரில் அரசு வேளாண் பண்ணை வந்தது. 1930களில் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வேரூன்றியது.

இந்தியாவில் கடலை போடும் விவசாயியிடம் ‘டி.எம்.வி.’ என்ற மூன்று எழுத்தைச் சொல்லிப் பாருங்கள்; முகம் மலரும். அந்த எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிக்கின்றன. இந்த நிலையம் 1940இல் வெளியிட்டவை டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2 என்ற இரண்டு ரகங்கள். முதலாவது கொடி ரகம். செனகலின் சலூம் வட்டாரத்து விதையிலிருந்து தேர்ந்தெடுத்தது. மார்செய் சந்தையில் நம் மணிலாவோடு போட்டியிட்டது எந்த நாட்டுக் கடலையோ, அந்த நாட்டு விதையே திண்டிவனத்தில் வந்து நம் வீட்டுப் பிள்ளையானது. இரண்டாவது கொத்து ரகம். நம் குடியாத்தம் வட்டாரத்தில் பயிராகிவந்த குடியாத்தம் கொத்து என்ற கடலையிலிருந்து எடுத்தது.

கொடி ரகம் தரையில் படர்ந்து பரவலாகக் காய்க்கும். நாலு மாதத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும். கொத்து ரகம் நிமிர்ந்து நின்று அடித்தூரிலேயே கொத்தாகக் காய்க்கும். ஈரம் இருக்கும்போது கையால் இழுத்தாலே கொத்தோடு வந்துவிடும். டி.எம்.வி. 2 சுமார் 105 நாளில் முடிந்துவிடுகிறது. சிறிய காய், இரண்டு பருப்பு, மெல்லிய ஓடு. நூறு கிலோ காயை உடைத்தால் முக்கால் பங்குக்கு மேல் பருப்பு தேறும். அந்தப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். மழை பொய்க்கும் மானாவாரி நிலத்துக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை என்று விவசாயிகள் கண்டுகொண்டார்கள். 1940இல் திண்டிவனம் தந்த ரகத்தை, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகும் ஆந்திரத்தின் அனந்தபூர் வறண்ட நிலங்களில் பெரும்பரப்பில் விதைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ புதிய ரகங்கள் வந்து போயின. அறுபது ஆண்டு ஒரு விதை விவசாயியின் மனத்தில் இடம் பிடித்திருந்தால், அதைவிடப் பெரிய விருது எது?

அந்த ரகத்தை உண்டாக்கிய முறையைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். ஒட்டுச் சேர்க்கவில்லை, கதிர்வீச்சுக் கொடுக்கவில்லை. கூட்டுத் தேர்வு என்பது அதன் பெயர். விளைந்த காட்டில் வரிசை வரிசையாக நடக்க வேண்டும். ஒரே மாதிரி, நன்றாகக் காய்த்த செடிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். அவற்றின் விதையைச் சேர்த்து அடுத்த பட்டத்தில் விதைத்து, மறுபடி நடந்து, மறுபடி பொறுக்க வேண்டும். முழுக்க முழுக்கக் கண்ணின் வேலை. இந்த வேலை நிலைத்து நிற்பதற்குப் பூவின் அந்தக் குணம் உதவுகிறது. மூடிய இதழுக்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதால், பொறுக்கிய செடியின் குணம் பிள்ளைக்கும் பேரனுக்கும் பெரும்பாலும் மாறாமல் போகிறது. விவசாயி தன் வீட்டு விதையையே எடுத்து விதைத்தாலும் டி.எம்.வி. 2 டி.எம்.வி. 2 ஆகவே இருந்தது அதனால்தான்.

பின்னால் வந்த ரகங்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் ஓர் உலக வரைபடமே விரியும். 1967இல் வந்த டி.எம்.வி. 7, அமெரிக்காவின் டென்னசி ஒயிட் என்ற கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. டி.எம்.வி. 10க்கு அர்ஜென்டினா வேர். டி.எம்.வி. 12க்கு உகாண்டா. பொலிவியாவில் பிறந்து திசைக்கொன்றாகப் பிரிந்த உறவெல்லாம், சென்னை திருச்சி நெடுஞ்சாலையோரத்து ஊர் ஒன்றில் பாத்தி பாத்தியாக மறுபடி சேர்ந்து நின்றிருக்கின்றன.

ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணுக்கு நம் களத்துப் பெண்களின் கண் சளைத்தது இல்லை. பறித்த செடிகளைக் குவித்துவைத்து, சுற்றி உட்கார்ந்து காயைப் பிரிப்பதை மல்லாட்டை ஆய்வது என்பார்கள். கூலியை முன்பெல்லாம் காயாகவே அளந்து கொடுப்பார்கள். செஞ்சிப் பக்கத்தில் ஒரு களத்தில் வயதான அம்மா ஒருவர் ஆய்ந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் கண் செடியில் இல்லை, எதிரே இருந்தவரோடு பேச்சில் இருந்தது. விரல்கள் மட்டும் தொட்டுத் தொட்டுப் பிரித்தன. முற்றியது கூடைக்கு, பிஞ்சு கொடியோடு மாட்டுக்கு. எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு ஒரு காயை என் கையில் வைத்தார்.

“தடவிப் பாரு தம்பி. முத்தினதுக்கு வரி எழும்பி நிக்கும், சொரசொரன்னு இருக்கும். பிஞ்சு வழவழன்னு கெடக்கும்.”

இன்னொன்றை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைக் காட்டினார். முற்றாத காயில் அது வெள்ளைவெளேர் என்று பஞ்சுபோல் இருந்தது. முற்றியதில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் படிந்து, உள்தோல் தாளாக மெலிந்திருந்தது. பறிக்கிற பக்குவத்துக்கு வேளாண் அறிவியலும் இந்த அடையாளத்தைத்தான் சொல்கிறது. நாள் கணக்கை மட்டும் நம்பாமல், நாலு செடியைப் பிடுங்கி உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆள் விடுவார்கள். தாமதிக்கவும் முடியாது. கொத்து ரகத்துப் பருப்புக்கு விதையுறக்கம் கிடையாது. முற்றிய நேரத்தில் மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அடுத்த சோதனை காதில். காயவைத்த காயை எடுத்துக் காதருகே ஆட்டினால் கலகலவென்று ஒலி வர வேண்டும். பருப்பு வற்றி ஓட்டிலிருந்து விலகிவிட்டது என்று பொருள். ஒலி மந்தமாக இருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். இதை வெறும் வழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிக்கொண்டே போனபோது தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றார்கள். ஈரம் பட்ட கடலையில் வளரும் ஒரு பூஞ்சாணம் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கியிருந்தது. அஃப்லாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. களத்தில் நின்று காதருகே காயை ஆட்டிக் கேட்கிற பாட்டி, அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே அந்த நஞ்சுக்குக் கதவடைத்துவிடுகிறார்.

விதைக்குப் பொறுக்குவது எல்லாவற்றிலும் உச்சம். ஒற்றைக்கொட்டை வேண்டாம், பொக்கு வேண்டாம், தோல் கிழிந்தது வேண்டாம், சுருங்கியது வேண்டாம். எந்திரத்தில் உடைத்தால் அந்த மெல்லிய ரோஜா நிறத் தோல் சிதையும். தோல் சிதைந்த விதை மண்ணில் அழுகும். ஆகவே விதைக் கொட்டையைக் கையால்தான் உடைப்பார்கள். ஓட்டின் மூக்குப் பக்கத்தைத் தரையில் தட்டினால் இரண்டு தோடாகப் பிளந்துகொள்ளும். தோலைத் தொடாமல் பருப்பை உருட்டி எடுத்துவிடலாம். மூக்கு எதற்கு என்று கேட்டால் அந்தப் பெண்கள் இதைத்தான் சொல்வார்கள்.

இனி உடைக்கலாம். தோலை உரித்துவிட்டுப் பருப்பை இரண்டாகப் பிரித்தால் ஒரு முனையில் சின்னதாக ஒரு முளைக்குருத்து ஒட்டியிருக்கும். வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். தடித்த அடிப்பகுதி வேராகப் போவது. அதன்மேல் மடித்துவைத்த இலைகள். விதைக்குள்ளேயே இலைகள் உருவாகி முடிந்திருக்கின்றன. ஈரம் பட்டதும் விரித்தால் போதும். வளர்கிற வேளையில் ஓடு உறிஞ்சிய சுண்ணாம்பு போதாமல் போனால் முதலில் கறுத்துப்போவது இந்தக் குருத்துதான். இவ்வளவு நேரம் பார்த்த நரம்பு வலை, ஜிப்சம், இளகிய செம்மண் எல்லாம் காத்து நின்றது இந்தக் கடுகளவு உயிரைத்தான்.

ருசியிலும் இரண்டு உலகம் உண்டு. பச்சைக் காயை ஓட்டோடு உப்புப் போட்டு அவித்தால் பயறின் ருசி மேலே வரும். மாவுத்தன்மை, இளம் இனிப்பு, ஓட்டுக்குள் தங்கிய உப்புநீர். மல்லாட்டை அவரைக்கும் உளுந்துக்கும் உறவு என்பது அப்போது நாக்குக்கே தெரியும். சுடுமணலில் வறுத்தால் அதே பருப்பு வேறாகிவிடும். மணல் பருப்பின் எல்லாப் பக்கத்தையும் ஒரே சூட்டில் சூழ்ந்துகொள்வதால் கருகாமல் உள்வரை வறுபடுகிறது. பருப்பிலுள்ள புரதச் சத்தும் சர்க்கரையும் சூட்டில் கலந்து புதிய மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. தெருமுனையில் சட்டி கிளறும்போது மூக்கைத் தேடி வரும் அந்த மணம் பச்சைக் கொட்டையில் துளியும் கிடையாது. செக்கில் ஆட்டினால் எண்ணெய், மிஞ்சுவது மாட்டுக்குப் புண்ணாக்கு, கொடி தீவனம், ஓடு அடுப்புக்கு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக்கூடக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். வீணாகப் போகும் பகுதி என்று இதில் ஒன்றும் இல்லை.

பொலிவியாவில் ஒரு பிடியை எடுத்துப் போன கை, சிபானில் பொன்னில் வார்த்த கொல்லர், திண்டிவனத்துப் பாத்தியில் செடிக்குச் செடி குனிந்த ஆராய்ச்சியாளர், செஞ்சிக் களத்தில் விரலால் தடவும் அம்மா எல்லோரும் செய்தது ஒரே வேலை. பல கொட்டைகளுக்கு நடுவே ஒன்றை உற்றுப் பார்த்து, ‘இது நல்லது’ என்று தனியே எடுத்து வைத்தார்கள். நயம் பாராட்டுவது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் மல்லாட்டையைக் காட்டுவேன். இந்தப் பயிரை உண்டாக்கியதும் காப்பாற்றியதும் அதுதான்.

ஆகவே விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழிப் பட்டத்தில் விதைத்த காட்டுக்கு மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். விவசாயியிடம் கேட்டு ஒரே ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் காட்டுங்கள். பூ, வாடிய பூ, இறங்கும் விழுது, பருக்கும் காய், வேர் முடிச்சு எல்லாம் ஒரே செடியில் ஒரே நேரத்தில் கிடைக்கும். உங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய விதை இது என்று சொல்லுங்கள். எந்தக் கொட்டை நல்லது என்று பார்த்துப் பொறுக்கத் தெரிந்த கண்கள் அடுத்த தலைமுறையிலும் வேண்டும். அந்தக் கண்களை இங்கே, இந்தச் செம்மண்ணில் வைத்துப் பழக்குவதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.